செவலை கற்பித்த பாடம்

நம் நாட்டில் நாய் பெற்றுள்ள பெயர் விந்தையானது. ஒருவரை இழித்துரைக்க விரும்புவோர் நாயின் பெயரையே எடுத்துரைக்கின்றனர். நன்றியுடைமையைப் போற்ற விரும்புவோரும் அதன் பெயரையே எடுத்துரைக்கின்றனர். தன்மேல் வேலெறிந்தவன் தன் தலைவனே ஆயினும், அவனைக் கண்டு வாலாட்டும் நாயின் இயல்பை நட்புக்கு உவமையாகக் காட்டுகிறது நாலடியார். அந்நூலைப் பல்லாண்டு வகுப்பில் நடத்தியவன் நான். வேலேற்ற நாயைப் பற்றி நெடுநேரம் பேசியிருக்கிறேன். வேலெறிந்தவனைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவனைப் பற்றி எண்ணும்படி என்னைச் செய்தது, என் முதுமையில் என் வீட்டிற்கு வந்து சேர்ந்த ஒரு நாட்டு நாய். மாணவர்களே! அதன் கதையை இங்கு உங்களுக்குக் கூறுகிறேன்.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், பொழுது புலராத வேளையில், கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் வீசிய அக்காற்றில், காவிரிப் படுகையின் கடைக்கோடியிலிருந்த தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. பட்டுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊரில், முதல்நாள் மாலையில் தோப்பாக இருந்த இடம், மறுநாட்காலையில் வெறும் மரக்கட்டைகளின் குவியலாகக் கிடந்தது.

புயலடித்த நான்காம் நாள், வழியை அடைத்துக் கிடந்த மரங்களை ஊரார் வெட்டி அகற்றிக்கொண்டிருந்தனர். அப்பொழுது, சாய்ந்த மரம் ஒன்றின் அடியில் மெல்லிய முனகல் கேட்டது. கீற்றுகளை விலக்கிப் பார்த்தோம். செந்நிறமுள்ள நாயொன்று, கழுத்தில் கட்டிய கயிற்றோடு, ஒடுங்கிக் கிடந்தது. தோப்புக் கொட்டகையில் காவலுக்காகக் கட்டப்பட்ட நாய் அது. காற்றிரைந்த இரவு முழுவதும் மரங்கள் தன்னைச் சுற்றி விழ, ஓடவும் இயலாமல் அது அங்கேயே கிடந்திருக்கிறது. அதனைத் தேடி ஒருவரும் வரவில்லை. கயிற்றை அறுத்து, சாக்கில் சுற்றி, என் வீட்டிற்குக் கொண்டு வந்தேன். நிறத்தைப் பார்த்து என் பேரன் அதற்குச் ‘செவலை’ என்று பெயரிட்டான்.

உணவும் ஓய்வும் பெற்றுச் செவலையின் உடல் தேறியது. ஆயின், அதன் நடத்தை எங்களை அலைக்கழித்தது. கதவு சிறிது திறந்தால், அம்புபோற் பாய்ந்து வெளியேறும். மிதிவண்டியைக் கண்டால் துரத்தும். சோற்றுத் தட்டைக் கீழே வைக்குமுன் கையோடு கவ்வும். வீட்டிற்கு வருவோர்மேல் தாவி விழும். கொல்லையில் ஒரு தென்னை மட்டை விழும் ஓசை கேட்டாற் போதும். எதிரில் இருப்பது சுவரா மனிதரா என்று நோக்காமல் தலைதெறிக்க ஓடும்.

ஒருநாள் மாலை, எட்டு வயதுடைய என் பேரன் திண்ணையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து ஒரு மட்டை சரிந்து விழுந்தது. செவலை பாய்ந்து ஓடிற்று. அதன் பாய்ச்சலில் சிறுவன் திண்ணையினின்றும் உருண்டு, படிக்கல்லில் நெற்றி மோதிக் குருதி கசிந்தான். நான் சினத்தால் நிலைமறந்தேன். மூலையிற் கிடந்த கோலை எடுத்தேன். செவலையை மாட்டுக் கொட்டிலில் மடக்கி, என் கை ஓயுமட்டும் அடித்தேன். அன்றிரவு உணவு வைக்கச் சென்றபோது, முதன்முறையாக அது என் கையை நோக்கிப் பல்லைக் காட்டி உறுமிற்று.

“ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டு விடுங்கள்” என்றனர் அண்டை வீட்டார். “குழந்தை இருக்கும் வீட்டில் இது வேண்டுமா?” என்று என் மனைவியும் கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. புயலினின்றும் காப்பாற்றிய உயிரை மீண்டும் தெருவில் விடுவதா, பேரனுக்கு இடர் நேருமென்று தெரிந்தும் வீட்டில் வைத்துக்கொள்வதா? இரண்டிற்கும் என் மனம் ஒப்பவில்லை. மறுநாள், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குச் செவலையை அழைத்துச் சென்றேன்.

அங்குப் பணியாற்றிய மருத்துவர், பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி. அவர் முதலில் நாயின் உடலைச் செவ்வையாக ஆராய்ந்தார். இடச்செவியின் உள்ளே ஆறாத புண்ணொன்று இருப்பதைக் கண்டு மருந்திட்டார். “நோவுடைய நாய் தொட்டவுடன் சீறும். ஆதலால், நடத்தையைத் திருத்துமுன் நோயைத் தீர்க்க வேண்டும்” என்றார். வெறிநாய்க்கடி நோய்க்கு எதிரான தடுப்பூசியை முன்னரே போட்டிருக்கிறோமா என்பதையும் கேட்டறிந்தார். பிறகு, நடந்தவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “ஐயா, இதனை முரட்டு நாய் என்று எண்ணாதீர்கள். இஃது அஞ்சிய நாய்” என்றார்.

அச்சம் எழுந்தவுடன் அட்ரினலின் என்னும் சுரப்பு குருதியிற் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, ஓடுவதற்கோ எதிர்த்துத் தாக்குவதற்கோ உடல் ஆயத்தமாகிறது. அந்நிலையில் நின்று நிதானித்து நோக்கும் ஆற்றல் குன்றிப்போகிறது. நாம் ‘அடக்கமில்லாத நாய்’ என்று கூறுவது, பெரும்பாலும் இவ்வாறு அமைதியிழந்த உடலைத்தான். மேலும், நாய்க்குட்டி பிறந்த 3-ஆம் வாரம் முதல் 12-ஆம் வாரம் வரையுள்ள காலம் மிக இன்றியமையாதது. அக்காலத்தில் அது மனிதரோடும் பிற ஒலிகளோடும் இனிது பழகினால், பிற்காலத்தில் அவற்றிற்கு அஞ்சாது. அமெரிக்க நாட்டில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர் இருவர் பல்லாண்டு நாய்களை ஆராய்ந்து, 1965-இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விளக்கியுள்ளனர். செவலையோ குட்டிப் பருவம் முதல் தோப்பில் தனியே கட்டுண்டு கிடந்த நாய்.

இவற்றைக் கூறிய பின் மருத்துவர் சற்றே தயங்கினார். “ஐயா, தவறாக எண்ணாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் வெண்பாவை அலகிடக் கற்பித்தீர்கள். வீட்டில் தேமா, புளிமா என்று தடையின்றிச் சொல்வேன். நீங்கள் பிரம்போடு என் அருகில் வந்து நிற்பீர்கள். அந்நொடியில் எல்லாம் மறந்துபோகும். இந்நாய்க்கும் நேற்று அதுவே நேர்ந்தது” என்றார். நான் விடை கூறவில்லை. என்ன விடை கூறுவது? 32 ஆண்டுகள் ஆசிரியனாக இருந்த எனக்கு, என் மாணவி ஒரு வாக்கியத்தில் பாடம் சொல்லிவிட்டார்.

அவர் கற்பித்த முறை இரு பகுதிகளை உடையது. மென்மையாகத் தொட்டு உடலின் இறுக்கத்தைத் தளர்த்துவது ஒன்று. தளர்ந்த உடலோடு நிற்கும் நாய்க்கு நல்ல பழக்கங்களைப் பயிற்றுவது மற்றொன்று.

முதற்பகுதிக்கு வழிகாட்டியவர், கனடா நாட்டிற் பிறந்த லிண்டா டெலிங்டன் ஜோன்ஸ் என்னும் அம்மையார். குதிரைகளைப் பழக்குவதில் தேர்ந்த அவர், 1975-ஆம் ஆண்டு முதல் சான்பிரான்சிஸ்கோ நகரில் மோஷே ஃபெல்டன்கிரைஸ் என்பவரிடம் பயின்றார். ஃபெல்டன்கிரைஸ், மெல்லிய, பழக்கமில்லாத அசைவுகளால் மனித உடலுக்கு அதன் நிலையை உணர்த்தி, இறுக்கத்தைப் போக்கும் முறையை வகுத்தவர். அம்முறையின் கருத்தை அம்மையார் குதிரைகளுக்கும், பின்னர் நாய் முதலிய பிற உயிர்களுக்கும் ஏற்றவாறு அமைத்தார்.

அதன் செய்முறை எளியது. நாயின் உடலில் ஒரு கடிகார முகம் வரைந்திருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். விரல் நுனிகளை 6 என்னும் எண் இருக்குமிடத்தில் வைத்து, கடிகார முள் செல்லும் வழியே ஒரு முழு வட்டம் சுற்றி, மீண்டும் 6-ஐக் கடந்து 8 அல்லது 9 வரை சென்று நிறுத்த வேண்டும். விரல்கள் மயிரின்மேல் வழுக்கிச் செல்லுதல் கூடாது; விரலோடு தோலும் சேர்ந்து அசைய வேண்டும். எவ்வளவு அழுத்தலாம்? மூடிய கண்ணிமையின்மேல் நம் விரலை வைத்து, நோவின்றி எவ்வளவு அசைக்கலாமோ அவ்வளவே போதும். ஒரு வட்டம் முடிந்தபின் சற்றே ஓய்ந்து, அடுத்த இடத்தில் மற்றொரு வட்டம் இட வேண்டும். செவிகளை அடியினின்று நுனிவரை இரு விரல்களுக்கிடையே மெல்ல நீவுதலும் இம்முறையைச் சார்ந்ததே.

கேட்பதற்கு எளிதாயிருந்த இது, செய்வதற்கு எளிதாயில்லை. கோலெடுத்து அடித்த கையைச் செவலை எளிதில் நம்புமா? முதல் வாரம் முழுவதும் நான் அதனைத் தொடவே இல்லை. முற்றத்தில் அதற்குப் பக்கவாட்டில் அமர்ந்து, அதன் கண்களை நேரே நோக்காமல், புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். எட்டாம் நாள் அதுவாக வந்து என் முழங்காலை முகர்ந்தது. தலைக்குமேல் கையை நீட்டினால் நாய்கள் அஞ்சும். ஆதலின், புறங்கையால் அதன் தோளை மட்டும் ஒருமுறை தொட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அது விலகிச் செல்லவில்லை. நானும் அன்று அதற்குமேல் தொடவில்லை.

தொடும்போது நாயின் உடலே நமக்கு விடை சொல்லும். அஃது உதட்டை நக்கினாலும், உறக்கமின்றிக் கொட்டாவி விட்டாலும், தலையைத் திருப்பிக்கொண்டாலும், கண்ணின் வெண்பகுதி தோன்றப் பார்த்தாலும், ‘போதும், நிறுத்து’ என்பது பொருள். உடனே கையை எடுத்துவிட வேண்டும். கண்ணிமைகள் தாழ்ந்தாலும், பெருமூச்சு விட்டாலும், தன் உடலை நம்மேல் சாய்த்தாலும், ‘இன்னும் செய்க’ என்பது பொருள். எழுதாத இம்மொழியைக் கற்க எனக்கு ஒரு திங்கள் ஆயிற்று. நாள்தோறும் இருமுறை, ஐந்து நிமிடத்திற்கு மேற்படாமல், தோளிலும் முதுகிலும் வட்டமிட்டு வந்தேன். கருங்கல்போல் இறுகியிருந்த அதன் தோட்டசை, சில வாரங்களில் என் விரலுக்குக் கீழே நெகிழ்வதை உணர்ந்தேன். விந்தை யாதெனில், அதனைத் தொடும்பொழுது என் மூச்சும் தாழ்ந்து சீராயிற்று.

தொடுதலால் உடல் அமைதியுறுவது வெறும் கற்பனையன்று. ரஷ்ய அறிஞர் பாவ்லோவிடம் பயின்று, பிறகு அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர் ஹார்ஸ்லி கான்ட் என்பவர். மனிதர் ஒருவர் அறைக்குள் நுழையும்போது நாயின் இதயத்துடிப்பு மாறுவதையும், அவர் தடவிக் கொடுக்கும்போது அத்துடிப்புக் குறைவதையும் அவரும் அவருடைய துணைவர்களும் கருவிகளைக் கொண்டு அளந்து காட்டினர்.

எனினும், தடவிக் கொடுப்பது மட்டும் போதாது. இறுக்கம் நீங்கிய நாய்க்கு, ‘ஓடுவதற்கு மாறாக என்ன செய்வது?’ என்பதையும் நாம் கற்பிக்க வேண்டும். இங்கு நமக்குத் துணைபுரிவது பாவ்லோவ் கண்ட உண்மை. உணவுக்குமுன் ஓர் ஒலியைப் பலமுறை எழுப்பி வந்தால், நாளடைவில் அவ்வொலியைக் கேட்டவுடனேயே நாயின் வாயில் நீர் ஊறுகிறது. இன்பத்தோடு இணைந்தது இன்பமாகவும், துன்பத்தோடு இணைந்தது துன்பமாகவும் மனத்திற் பதிந்துவிடுகிறது. செவலைக்கு மட்டையின் ஓசை மரண அச்சத்தோடு இணைந்திருந்தது. அவ்விணைப்பை மாற்றுவதே எங்கள் பணி.

அப்பணியில் எனக்குத் துணையானவன் என் பேரன். அவன் கொல்லையின் கடைசி மூலையில் நின்று, காய்ந்த மட்டையொன்றை மிக மெல்லத் தரையில் இழுப்பான். செவலை செவியை நிமிர்த்தும். அவ்வளவில், வேகவைத்த முட்டைத் துண்டொன்றை நான் அதற்குக் கொடுப்பேன். ஓசை நின்றால் உணவும் நின்றுவிடும். அஞ்சி ஓட முற்பட்டால், நாங்கள் மிகவும் நெருங்கிவிட்டோம் என்பது பொருள். மறுநாள் இன்னும் தொலைவிலிருந்து தொடங்குவோம். இவ்வாறு, 40 அடித் தொலைவிலிருந்து 10 அடித் தொலைவுக்கு வர எங்களுக்கு இரண்டு திங்கள் ஆயின.

பொறுமையைக் கற்பிக்க மற்றொரு பயிற்சி உண்டு. உணவுத் துண்டைக் கைக்குள் மூடி வைத்துக்கொள்ள வேண்டும். நாய் முட்டும், நக்கும், பிறாண்டும். நாம் வாளா இருக்க வேண்டும். அது சலித்து முகத்தைப் பின்வாங்கும் அந்நொடியில், ‘நன்று’ என்று கூறிக் கையைத் திறக்க வேண்டும். பாய்ந்தால் கை மூடும், பொறுத்தால் கை திறக்கும் என்பதை நாய் தானே கண்டறிந்து கொள்கிறது. தானே கண்டறிந்த பாடம் நெடுங்காலம் நிற்கும். கதவைத் திறப்பதிலும், தட்டை வைப்பதிலும் இம்முறையையே கையாண்டோம். கழுத்தை இறுக்கும் கயிற்றை நீக்கி, மார்புப் பட்டை அணிவித்து நடத்தினோம். சாய்ந்த தென்னைகளின் மட்டைகளைத் தரையில் ஓரடி இடைவெளியில் வரிசையாக இட்டு, அவற்றின்மேல் ஒவ்வோரடியாகத் தாண்டச் செய்தோம். விரைந்து ஓடினால் கால் இடறும். ஆதலால், தன் நான்கு கால்களும் எங்குள்ளன என்பதை எண்ணி நடக்க நாய் பழகுகிறது. அதனை அச்சுறுத்திய மட்டைகளே அதற்கு நிதானம் கற்பித்தன.

இடையே ஒரு பின்னடைவும் நேர்ந்தது. மூன்றாம் திங்களில், நன்கு பழகிவிட்டதென்று இறுமாந்து, திருமண ஊர்வலம் சென்ற தெருவழியே செவலையை அழைத்துச் சென்றேன். வேட்டு வெடித்தது. அது வாரை அறுத்துக்கொண்டு ஓடி, இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. மீண்டும் முதல் வட்டத்திலிருந்து தொடங்கினேன். பிழை செவலையுடையதன்று, மாணாக்கன் ஆயத்தமாகு முன்னரே தேர்வு வைத்த ஆசிரியனுடையது.

2019-ஆம் ஆண்டு, ஆடித் திங்களில் ஒருநாள். காற்று வலுத்து வீசியது. பேரன் முன்போலவே திண்ணையில் அமர்ந்திருந்தான். செவலை அவன் காலடியிற் படுத்திருந்தது. கூரையினின்றும் ஒரு மட்டை பேரோசையோடு விழுந்தது. செவலை துள்ளி எழுந்தது, இரண்டு அடி பாய்ந்தது, பின், நின்றது. உடல் நடுங்க, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் பேசாமல் தரையில் அமர்ந்தேன். அது நடந்து வந்து, தன் தோளை என் முழங்காலிற் சாய்த்தது. நான் விரல்களை அதன் தோளில் வைத்து மெல்ல ஒரு வட்டமிட்டேன். என் மனைவி வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுமுதல் ஆற்றுக்கு அப்பால் விடும் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை.

செவலையின் அச்சம் அடியோடு அகன்றுவிட்டதென்று நான் கூறவில்லை. தீபாவளி இரவில் அது வீட்டின் உள்ளறையிலேயே தங்கும். மார்பையும் முதுகையும் தழுவுமாறு, மூச்சுக்குத் தடையின்றி, நெகிழ்ந்த துணிப்பட்டையொன்றை அதற்குச் சுற்றி, எங்களுள் ஒருவர் அருகிலேயே இருப்போம். அஞ்சும்போது ஓடுவதற்கு மாறாக எங்களிடம் வரலாம் என்பதை அது கற்றுக்கொண்டது. அதுவே பெரும்பேறு.

மாணவர்களே! இக்கதையைக் கேட்டு, தெருவிற் காணும் நாயையெல்லாம் தொட முற்படாதீர்கள். அறியாத நாய், உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டியுள்ள நாய் ஆகியவற்றை நெருங்குதல் தகாது. நாய் கடித்தாலும் கீறினாலும், அவ்விடத்தை ஓடும் நீரில் வழலைக்கட்டியிட்டு 15 நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், பெற்றோரிடம் மறைக்காதீர்கள். வெறிநோய் முற்றித் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொண்டால் அதனைத் தடுத்துவிடலாம். அன்பு செய்வோர்க்கு அறிவும் வேண்டும்.

நான் பணியினின்றும் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் பிரம்புக்கு அஞ்சி, தெரிந்த விடையையும் மறந்து நின்ற மாணவர் எத்தனைபேரோ, அறியேன். அவர்களை மீண்டும் ஒரு வகுப்பில் அமர்த்திப் பாடம் சொல்லும் வாய்ப்பு எனக்கு இல்லை. அவர்களுள் ஒருவர் கற்பித்ததையேனும் உங்களுக்கு எழுதி வைக்கிறேன். உங்கள் கையில் நாளை ஒரு நாயோ, ஒரு குழந்தையோ, ஒரு வகுப்போ ஒப்படைக்கப்படலாம். அஃது அடங்காமல் பாயும்போது, கோலைத் தேடுமுன், அஃது எதற்கு அஞ்சுகிறது என்று தேடிப் பாருங்கள்.

பயிற்சி

1. செவலை அடங்காமல் பாய்ந்தமைக்கு மருத்துவர் கூறிய காரணங்கள் யாவை?
2. நாயின் உடலில் வட்டமிடும் முறையை விளக்குக.
3. ‘போதும்’, ‘இன்னும் செய்க’ என்பவற்றை நாய் எவ்வெவ்வாறு உணர்த்துகிறது?
4. மட்டையின் ஓசைக்கு அஞ்சாதிருக்கச் செவலையைப் பழக்கியவாற்றை எழுதுக.
5. ‘வேலெறிந்தவனைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை’ என்று ஆசிரியர் கூறுவதன் கருத்து யாது?